மனநோயை மறைக்கலாமா?



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள், வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் ஒன்றாகும். காய்ச்சல் கண்டால் அயலவருக்கும் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். கால் முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு வீதியிலே நடக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு மனம் நோயுற்றால் மட்டும் வாய் திறக்கக் கூசுகிறோம். "அங்கொடைக்குப் போகவேண்டியவன்" என்பதை இந்நாட்டில் ஒரு வசைச் சொல்லாகவே ஆக்கிவிட்டோம். அங்கொடை என்பது கொழும்புக்கு அருகே, 1920களில் மனநோயாளருக்கென வைத்தியசாலை கட்டப்பட்ட ஊர். இன்று அது தேசிய மனநல நிறுவகமாக விளங்குகின்றது. வைத்தியசாலை இருக்கும் ஊரின் பெயரே வசையானால், நோயாளி அங்கே எந்த முகத்தோடு போவார்?

மனநோயும் ஒரு நோயே. அதனை மறைத்தல் அதனினும் கொடிய நோய். முன்னதற்கு வைத்தியர் மருந்து தருவார். பின்னதற்கு மருந்து நம் கையில்தான் இருக்கிறது.

இது மேனாட்டார் வந்து புதிதாகச் சொல்லித்தந்த கருத்து என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. நமது சித்த வைத்தியம் இதனைக் கிரிகை என்று பெயரிட்டு நோய்களுள் ஒன்றாகவே வைத்தது. ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சரக சங்கிதை, உன்மாதம் என்னும் பெயரில் இதனைத் தனியே ஆராய்கின்றது. ஆகவே பேய் பிடித்தது, சூனியம் வைத்தார்கள், பரம்பரைச் சாபம் என்று சொல்லித் திரிவது நமது முன்னோர் காட்டிய ஒரே வழியன்று.

மறைப்பதன் முடிவு எதுவாகும் என்பதற்குத் தமிழகத்திலே ஓர் உதாரணம் உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி என்னும் ஊரில் புகழ்பெற்ற தர்கா ஒன்று இருக்கிறது. அங்கே தங்கியிருந்தால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் பல சமயத்தாரும் தம்மவரைக் கொண்டுசென்று விடுவது வழக்கமாயிருந்தது. அவர்களை வைத்துப் பராமரிக்கச் சுற்றிலும் தனியார் விடுதிகள் தோன்றின. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆந் திகதி, அத்தகைய விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட இயலாமல் 28 பேர் மாண்டுபோனார்கள். அதன் பின்பே அரசு விழித்தது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. இந்திய உச்ச நீதிமன்றமும் அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்தது.

இதனை ஒரு சமயத்தின் குறை என்று சொல்வது அறியாமை. அச்சங்கிலியின் மறு நுனி, நோயாளரை அங்கே விட்டுவிட்டு வீடு திரும்பிய குடும்பங்களின் கையில் இருந்தது. அவர்கள் கொடியவர்களல்லர், வழி தெரியாதவர்கள், ஊர் வாய்க்கு அஞ்சியவர்கள். அந்த அச்சம் நம் ஊரிலும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, இந்நோய் எதனால் வருகிறது என்று பார்ப்போம். காரணங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது உடல். மூளையில் நிகழும் இரசாயன மாற்றம், பரம்பரை வழி, தலையில் பட்ட காயம், தைரொயிட் சுரப்பியின் கோளாறு, நீண்டநாள் மதுப்பழக்கம் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது மனம். இளமையில் பட்ட அடியும் அவமானமும், தாங்கமுடியாத இழப்பும் மனத்திலே வடுவாக நின்றுவிடுகின்றன. மூன்றாவது சூழ்நிலை. கடன், வேலையின்மை, குடும்பச் சண்டை, போர், வெள்ளம் முதலியன. தம்புள்ளைச் சந்தையில் காய்கறி விலை விழுந்த அன்று, விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனை எண்ணி இராமுழுதும் விழித்திருக்கும் விவசாயியை நாம் அறியாதவர்களா? பெரும்பாலும் இம்மூன்றும் சேர்ந்தே நோயை உண்டாக்குகின்றன. ஆகவே "மனத்திடம் இல்லாதவன்" என்று ஒருவரைப் பழிப்பது, நீரிழிவு வந்தவரை "இரத்தத்தில் திடமில்லாதவன்" என்று பழிப்பதை ஒக்கும்.

அடையாளங்கள் யாவை? உலகில் மிகுதியாகக் காணப்படுவன பதற்ற நோயும் மனச்சோர்வும். காரணமின்றி நெஞ்சு படபடத்தல், வியர்த்தல், எதற்கெடுத்தாலும் ஏதோ தீங்கு வரும் என்று அஞ்சுதல் பதற்றத்தின் குறிகள். இரண்டு கிழமைக்கு மேலாக மனம் வாடிக் கிடத்தல், விருப்பமான காரியத்திலும் நாட்டமின்மை, உறக்கமும் உணவும் மாறுதல், "நான் பயனற்றவன்" என்ற எண்ணம், இவை மனச்சோர்வின் குறிகள். நம்மவர் பலர் கவலை என்று சொல்வதில்லை. தலையிடி, உடல் எரிவு, நெஞ்சு அடைப்பு என்றே சொல்வார்கள். உடலைச் சோதித்து நோய் காணாவிடில் மனத்தையும் கேட்டுப் பார்க்கவேண்டும்.

மனச்சிதைவு என்பது வேறு. யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்கும். பிறர் தமக்குத் தீங்கு சூழ்கிறார்கள் என்ற எண்ணம் அசையாமல் நிற்கும். பேச்சு தொடர்பறும், குளிப்பும் உடையும் கவனிப்பற்றுப் போகும். இந்நோய் பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதையொட்டித் தலைகாட்டுவது என்பதை வாலிப அன்பர்கள் கவனிக்கவேண்டும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த தோழன் ஒருவன் திடீரென ஒதுங்கி, தனியே பேசிச் சிரித்தால், அவனைக் கேலி செய்யாதீர்கள். அது மருந்தைத் தேடவேண்டிய வேளை.

சிகிச்சை உண்டா என்று கேட்பீர்கள். திண்ணமாக உண்டு. 1952இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்குப் பயன்படத் தொடங்கிய பின், வைத்தியசாலையிலேயே ஆயுளைக் கழிக்கவேண்டும் என்ற நிலை மாறத் தொடங்கிற்று. இன்று அதனினும் நல்ல மருந்துகளும், பேசித் தேற்றும் சிகிச்சை முறைகளும் உள்ளன. மனச்சோர்வுக்கான மருந்து பலன் தரச் சில கிழமை செல்லும். குணம் கண்டவுடன் தாமாகவே மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு வழியாகின்றது.

கோயிலுக்குப் போகவேண்டாமா என்று பெரியோர்கள் நினைக்கக்கூடும். தாராளமாகப் போகலாம். போரினால் மனம் நொந்தோர்க்கு வழிபாடும் சடங்கும் ஆறுதல் தருவன என்பதை, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல வைத்திய பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களே எழுதியிருக்கிறார். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு நேர்த்தி வைப்போம். மறுநாட் காலை கிளினிக் வரிசையிலும் நிற்போம். ஒன்று மற்றதற்குப் பகையன்று. அடித்தலும், கட்டிவைத்தலும், பட்டினி போடுதலும் பக்தியில் சேர்ந்தவையல்ல.

இனி முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். 1995ஆம் ஆண்டளவில், உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளில் ஒன்றாக இலங்கை இருந்தது. ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 47 பேர் அவ்வாறு மாண்டனர். பின்னர் கடும் நஞ்சான விவசாய மருந்துகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. சாவு பாதிக்கும் கீழே இறங்கிற்று. இதிலிருந்து நாம் அறிவது யாது? அந்த எண்ணம் பலருக்கு ஒரு கணத்து வேகத்திலே வருவது. அக்கணத்தைக் கடக்கச் செய்தால் உயிர் பிழைக்கும். கலேவெலச் சுற்றுப்புறம் தோட்டமும் வயலும் நிறைந்தது. ஆகவே மருந்துப் போத்தலை அடுப்படியிலும் கட்டிலுக்கடியிலும் வையாது, பெட்டியில் இட்டுப் பூட்டி, சாவியைப் பொறுப்பானவர் வைத்திருத்தல் வேண்டும். "சாகலாம் போலிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை வெற்றுப் பேச்சென்று தள்ளாதீர்கள். நேரே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் வளராது. அவரைத் தனியே விடாது வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். பொலிசுக்கு அஞ்சவும் வேண்டியதில்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்னும் சட்டம் 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாலிப அன்பர்களே, இச்சங்கத்தில் நாம் சிரமதானம் செய்கிறோம். திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறோம். அவற்றோடு இதனையும் சேர்ப்போம். மனநோயாளரைக் கேலி செய்யும் சொல் நம் வாயில் வராது என்று உறுதி கொள்வோம். கிளினிக்குக்குத் தனியே போகக் கூசும் தாய்க்கு நம்மில் ஒருவர் துணையாகப் பஸ் ஏறுவோம். குணமடைந்து வந்தவருக்கு வேலையும், நம் கூட்டத்திலே ஓர் இருக்கையும் கொடுப்போம்.

பெரியோர்களே, உங்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றே. பிள்ளை சோர்ந்திருந்தால், "என்ன குறை உனக்கு?" என்று அதட்டாதீர்கள். "என்ன நடக்கிறது, சொல்லு" என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் இடையில் அறிவுரை கூறாமல் முடியும்வரை கேளுங்கள். சிகிச்சையின் முதற்படி அதுவே.