பாற்பண்ணை எருவும் பட்டணத்துக் குடிநீரும்



எருவை இழிந்த பொருளாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இல்லை. தோட்டஞ் செய்வோர் மாட்டெருவைப் பணங்கொடுத்தே வாங்குகின்றனர். அத்தகைய எருவைச் சேர்த்துவைப்பதற்கும் காப்பதற்கும் ஓர் அரசாங்கமும் ஒரு மாநகரமும் பெரும் பொருளைச் செலவிடுகின்றன என்றாற் கேட்போர்க்கு வியப்புண்டாதல் இயல்பே. ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்றுவரும் அம்முயற்சியைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகின்றேன்.

எரு தீங்காவது அதன் இயல்பினால் அன்று, அளவினாலும் இடத்தினாலுமே. அந்நாட்டுக் கறவைப் பசு ஒன்று சாணமும் சிறுநீருமாக நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிலோகிராம் கழிக்கின்றது. நூறு பசுக்கள் உள்ள பண்ணையில் அது நாளொன்றுக்கு 6 தொன் ஆகும். வடபகுதி மாநிலங்களிற் பனிக்காலத்தில் நிலம் உறைந்து கல்லாகிவிடும். சேமித்துவைக்க இடமில்லாத பண்ணையாளர் அவ்வுறைந்த வயலின்மீதே எருவைப் பரப்ப வேண்டியவராகின்றார். பனி உருகும்போது, நிலத்தினுட் செல்ல வழியின்றி, எருவும் நீரும் கலந்து ஓடையை அடைகின்றன.

அவ்வாறு அடையும் பொருள்களுள் இரண்டைக் குறித்தல் போதும். ஒன்று பொசுபரசு. பயிரை வளர்ப்பது போலவே அது நீர்த்தேக்கத்திற் பாசியையும் வளர்க்கின்றது. பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசன் குன்றுகின்றது. நீரின் சுவையும் மணமும் கெடுகின்றன. மற்றொன்று நோய்க்கிருமி. இளங்கன்றுகளின் கழிவிற் காணப்படும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர், குடிநீரிற் சேர்க்கும் குளோரீனுக்கு எளிதில் மடிவதன்று. 1993ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்து மில்வோக்கி நகரிற் குடிநீர் வாயிலாக அது பரவியபோது, ஏறக்குறைய 4 இலட்சம் மக்கள் வயிற்றோட்டத்தினால் வருந்தினர் என்று கணக்கிடப்பட்டது. அங்கு அக்கிருமி எவ்வழி வந்ததாயினும், நீரைக் காப்பவர்கள் அதனைச் சிறிதென எண்ணுதற்கு இடமில்லாமற் போயிற்று.

இனி நியூயோர்க் மாநகரின் வரலாற்றைக் காண்போம். அந்நகரமும் அதன் அயலும் நாளொன்றுக்கு 100 கோடி கலனுக்கும் மேற்பட்ட நீரைப் பயன்படுத்துகின்றன. அதன் மிகப் பெரும்பகுதி வடமேற்கே நூறு மைலுக்கும் அப்பால் வரை பரந்துள்ள கற்ஸ்கில் மலைச்சாரலிலும் டெலவெயார் ஆற்றின் நீரேந்து பகுதியிலுமிருந்து, வடிகட்டப்படாமலே வருகின்றது. அச்சாரல்களிலேதான் சிறு பாற்பண்ணைகள் பல இருந்தன.

1989ஆம் ஆண்டில், ஆறு குளங்களிலிருந்து பெறும் குடிநீரை வடிகட்டியே வழங்குதல் வேண்டும். நீரேந்து பகுதியைச் செவ்வனே காப்பதாக நிறுவும் நகரங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்று கூட்டாட்சி அரசு விதித்தது. வடிகட்டும் நிலையம் அமைப்பதற்கு 600 கோடி டொலருக்கும் மேற் செல்லும் என மதிப்பிடப்பட்டது. ஆதலின் நகரம் விலக்கையே நாடியது. முதலில் அது எண்ணியது கடுமையான கட்டுப்பாட்டையே. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்விதிகளின் வரைவைக் கண்ட பண்ணையாளர் வெகுண்டனர். ஓடைக்கு அருகிற் பயிரிடுதலும் எருவிடுதலும் தடுக்கப்படின் தொழிலையே கைவிடுதல் நேரும் என்றனர். பண்ணைகள் கைவிடப்பட்டால் அந்நிலங்களில் வீடுகள் எழும். வீடுகளின் கழிவுநீர் எருவினும் தீது செய்யக்கூடும். இவ்வுண்மையை உணர்ந்த இரு சாராரும் கூடிப் பேசி ஓர் உடன்பாட்டிற்கு வந்தனர்.

அதன்படி 1993ஆம் ஆண்டிற் பண்ணையாளர்களே முன்னின்று நடத்தும் வேளாண்மைக் கழகம் ஒன்று அமைந்தது. சேர்வதும் சேராததும் அவரவர் விருப்பம். ஆனால் ஐந்தாண்டுகளுள் நூற்றுக்கு 85 பண்ணையாளர் சேர்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அவ்விலக்கு எட்டப்பட்டது. வல்லுநர் ஒவ்வொரு பண்ணைக்கும் சென்று, அதன் நிலத்திற்கும் மந்தைக்கும் ஏற்பத் திட்டம் வகுத்தனர். எருவைச் சேமிக்கும் தொட்டி, கன்றுகளுக்குத் தனிக்கொட்டில், மழைநீர் எருவோடு கலவாது விலக்கும் வாய்க்கால், மாடுகள் ஓடையில் இறங்காதபடி வேலி, கரையோரத்தில் மரவரிசை என்பன அவற்றுட் சில. செலவை நகரம் ஏற்றது. கரையோர நிலத்தைப் பயிரிடாது விடுவதற்கான கொடுப்பனவைக் கூட்டாட்சி அரசின் வேளாண்மைத் திணைக்களம் 1998ஆம் ஆண்டு முதல் வழங்கலாயிற்று.

நாடு முழுவதற்கும் உரிய திட்டம் வேறொன்று உளது. 1996ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தினால் ஏற்பட்ட அதன்படி, இத்தகைய வேலைகளின் செலவில் நூற்றுக்கு 75 வரை அரசு ஏற்கலாம். புதிதாகத் தொழில் தொடங்குவோர்க்கும் வசதி குறைந்தோர்க்கும் அது 90 வரை உயரும். எஞ்சியது பண்ணையாளர் பங்கு. பொதுவாக, வேலை முடிந்து, அது விதிப்படி அமைந்ததா என்று பார்க்கப்பட்ட பின்னரே பணம் கிடைக்கும்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. மாசு செய்தவரே அதனை நீக்கும் செலவை ஏற்பதன்றோ நீதி? ஆலைகளைப் பொறுத்தவரை அமெரிக்கச் சட்டம் பெரிதும் அந்நெறியையே கொண்டுள்ளது. ஆனால், குழாய்வழி வராமல் மழையோடு வயல்களிலிருந்து வழிந்தோடும் மாசினை, 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டம் பெரும்பாலும் கட்டுப்படுத்தாமலே விட்டது. மேலும், ஆலை முதலாளி தன் செலவைப் பொருளின் விலையிற் சேர்த்துவிடலாம். சிறு பாற்பண்ணையாளர் பாலின் விலையைத் தாமே விதிப்பவரல்லர். எருத்தொட்டியினால் ஒரு துளி பாலும் கூடுதலாகச் சுரவாது. அதன் பயன் நூறு மைலுக்கு அப்பாலுள்ள வீட்டுக் குழாயிலேதான் தோன்றும். பயன் பெறுவோரும் செலவிற் பங்கு கொள்வது நேர்மை என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை.

எனினும், பணம் கொடுத்தவுடன் நீர் தூயதாகிவிடும் என்று கருதுதல் தவறு. தொட்டி எருவைச் சேமிக்குமேயன்றி அதனை அழித்துவிடாது. வெளியூரிலிருந்து வாங்கும் தீவனத்தோடு பண்ணைக்குள் வரும் பொசுபரசு, பாலாக வெளியே செல்வதினும் மிகுதியாயின், எஞ்சியது மண்ணில் ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆகவேதான் டெலவெயார் மாவட்டத்திற் பசுவின் தீவனத்தையே அளந்து திருத்தும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. இன்னொன்று: நாட்டுத் திட்டத்தில் 1996ஆம் ஆண்டிற் பெரும் மந்தைகளின் எருத்தொட்டிகளுக்கு உதவி மறுக்கப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டில் அத்தடை நீக்கப்பட்டு, ஒருவர் பெறக்கூடிய தொகையின் எல்லையும் 50,000 டொலரிலிருந்து 450,000 டொலராக உயர்த்தப்பட்டது. சிறியோரைத் தாங்கவந்த பொதுப்பணம், பெரியோர் மேலும் பெருகுதற்கு உதவுமோ என்ற ஐயம் அதனாற் பிறந்தது, அது புறக்கணிக்கத்தக்கதன்று.

நியூயோர்க்கின் முயற்சி வீணாகவில்லை. டெலவெயார் மாவட்டத்தில் 1964ஆம் ஆண்டு முதல் நீர் வழங்கிவரும் கனன்ஸ்வில் நீர்த்தேக்கம் பொசுபரசு மிகுதியினாற் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தது. 2002ஆம் ஆண்டில் அப்பட்டியலினின்று நீங்கியது. ஊர்களின் கழிவுநீர் நிலையங்கள் திருத்தப்பட்டதும் அதற்குக் காரணமாகும். எல்லாப் புகழையும் பண்ணைகளுக்கே கொடுத்தல் பொருந்தாது. வடிகட்டலுக்கான விலக்கு 2017ஆம் ஆண்டில் மீண்டும் பத்தாண்டுகளுக்கு வழங்கப்பட்டது.

நீர் எல்லை அறியாதது. மேட்டில் இருப்போர் செய்ததைப் பள்ளத்தில் இருப்போர் பருகுகின்றனர். கட்டளையினால் மட்டும் மேட்டிலுள்ளோரை நல்வழிப்படுத்தல் அரிது. பணத்தினால் மட்டும் நீரைத் தூயதாக்கலும் அரிது. இரு சாராரும் ஒருங்கிருந்து, செலவையும் பொறுப்பையும் பங்கிட்டு, பயன் விளைந்ததா என்று நீரையே அளந்து பார்த்து நடத்தும்போதே அம்முயற்சி நிலைபெறுகின்றது.