கூலி என்னும் சொல்



இரண்டே எழுத்துள்ள ஒரு சொல்லைப் பற்றி இன்று பேசப்போகிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் அதைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. 'கூலி' என்பதே அச்சொல்.

தமிழில் கூலி என்றால் செய்த வேலைக்குப் பெறும் ஊதியம். திருவள்ளுவர் 619ஆம் குறளில் இச்சொல்லை ஆண்டிருக்கிறார். ஊழ் கைகொடுக்காவிட்டாலும், உடல் வருந்த உழைத்தவனுக்கு அதற்கேற்ற பலன் உண்டு என்பது அக்குறளின் கருத்து. அந்தப் பலனுக்கு அவர் இட்ட பெயர்தான் கூலி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இச்சொல் ஊதியத்தைக் குறிக்கும். வேலை செய்பவரைச் சொல்ல நமக்குக் 'கூலியாள்' என்று தனிச்சொல் இருக்கிறது.

அப்படியானால் ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராக மாறியது எப்படி? இந்தியக் கரைக்கு வந்த போர்த்துகீசியரும், பின்னர் ஆங்கிலேயரும், சுமை தூக்குவோரை இச்சொல்லால் அழைத்தார்கள். அது தமிழிலிருந்தே சென்றது என்பார் சிலர். குஜராத்தில் வாழும் 'கோலி' என்னும் மக்களின் பெயரே அப்படித் திரிந்தது என்பார் வேறு சிலர். இரண்டும் ஒன்றாய்க் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு.

இந்தியில் 'குலி' என்றால் இரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர். மலாயிலும் 'கூலி' என்றால் உடலுழைப்பாளியே. சீனர்கள் இச்சொல்லை 'கு லி' என்று இரண்டு எழுத்துகளில் எழுதுகிறார்கள். 'கு' என்றால் கசப்பு; 'லி' என்றால் வலிமை. கசந்து உழைக்கும் வலிமை! வெளியிலிருந்து வந்த ஓசைக்கு எவ்வளவு பொருத்தமான எழுத்துகளைத் தேர்ந்தெடுத்தார்கள், பாருங்கள். ஜெர்மன் மொழியிலோ 'கூலி' என்று கேட்டால் பேனாவை எடுத்து நீட்டுவார்கள். பந்துமுனைப் பேனாவின் நீண்ட பெயரை அவர்கள் அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள்.

இவ்வாறு ஊர் சுற்றிய சொல், ஒரு காலத்தில் வசைச்சொல்லாகவும் ஆயிற்று. 1893ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளை அங்கிருந்த வெள்ளையர்கள் 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். அவர் சுமை தூக்கவா போனார்? சட்டம் படித்தவர் அல்லவா! கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோரையும் அந்நாளைய ஆங்கில அறிக்கைகள் 'கூலிகள்' என்றே கணக்கெடுத்தன.

1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பெயரைக் கவனியுங்கள். அதில் கூலி என்ற சொல் இல்லை. தொழிலாளர் என்ற சொல் இருக்கிறது. அச்சங்கம் கேட்டதோ கூலி உயர்வு. சொல் தன் பழைய இடத்திற்குத் திரும்பிவிட்டது!

ஆனால் வகுப்பறையில், "அப்பா என்ன வேலை செய்கிறார், தம்பி?" என்று கேட்டால், "கூலிங்க சார்" என்று தலைகுனிந்து சொல்லும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது பதிவேட்டில் 'பால்மரம் வெட்டும் தொழிலாளர்' என்று எழுதி, அந்தப் பிள்ளையையே உரக்கப் படிக்கச் சொல்வேன். விடியுமுன் எழுந்து, மரத்தின் உள்தசை காயப்படாமல் பட்டையை மெல்லியதாகச் சீவுவது கைதேர்ந்த தொழில். நாளெல்லாம் நாற்காலியில் அமர்ந்திருப்பவரால் அது ஆகுமா?

பெற்றோர்களே, உங்கள் தொழிலின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கூலியைக் கேட்டு, எண்ணி வாங்குங்கள். அது வள்ளுவர் ஆண்ட நல்ல சொல். உங்களுக்கு உரிய பெயர் தொழிலாளர்.