லாரன்ஸ் சகோதரரின் அடுப்படி



பாரிஸ் நகரத்தில் கார்மேல் சபைத் துறவிகளின் மடம் ஒன்று. 1640-இல் அங்கே வந்து சேர்ந்தார் நிக்கோலா எர்மன். போரில் காயம்பட்ட முன்னாள் சிப்பாய், அதிகம் படித்தவரல்ல. லாரன்ஸ் சகோதரர் என்று பெயர் வைத்து, சமையற்கட்டுக்கு அனுப்பினார்கள்.

சமையல் வேலை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அந்த அடுப்படியில்தான் நின்றார். சட்டியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகவே செய்வாராம். பாத்திரங்கள் உருளும், ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று பொருள் கேட்பார்கள். அந்தச் சத்தத்திலும், நற்கருணை முன் முழந்தாளிடும்போது இருக்கும் அதே அமைதி தமக்கு இருப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு ஆராதனையில் கண்ணீரோடு பாடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் குழம்பில் உப்பில்லை என்று எரிந்து விழுபவர்கள் நம்மில் எத்தனை பேர்! நானும் விழுந்திருக்கிறேன். அதனால்தான் இந்த மனிதர் எனக்கு அவ்வளவு நெருக்கம்.

ஜெபத்தில் மனம் அலைந்தால் என்ன செய்வது? கலங்காதீர்கள், மெதுவாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்பதுதான் கடிதங்களில் அவர் தந்த ஆலோசனை. பல ஆண்டுகள் தாமே மனம் அலைந்தவர் அவர்.

பிற்காலத்தில் கால் நோவு முற்றியது. சக துறவிகளின் செருப்புகளைச் சீர்செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். 1691-இல் இறந்தார். அறுந்த வாரை எடுத்து, ஊசியில் நூலைக் கோத்தபோதும், அடுப்படியில் பேசிய அதே ஆண்டவரோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.