நட்டநடுவே இரண்டு பங்கர்கள்

கடலோரப் பாறை, மணல்மேடு, பள்ளத்தாக்கு என்று வாய்த்த நிலத்தில் கோல்ஃப் மைதானம் அமைப்பவருக்குப் பாதி வேலையை இயற்கையே செய்து கொடுத்துவிடுகிறது. சப்பென்று கிடக்கும் நிலத்தில் என்ன செய்கிறார் என்பதை வைத்துத்தான் நான் ஒரு வடிவமைப்பாளரை எடைபோடுவேன்.

லண்டனுக்குத் தென்மேற்கே இருக்கிறது வோக்கிங் கோல்ஃப் கிளப். 1893இல் டாம் டன் அமைத்துக் கொடுத்த மைதானம். அதன் நான்காவது குழிக்கான பாதை, வலப்பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டியபடி போகிறது. கண்ணைப் பறிக்கும் காட்சி எதுவும் கிடையாது. நடுவாக நேரே அடித்தால் போதும் என்றிருந்த பாதை அது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கிளப்பைச் சேர்ந்த ஸ்டூவர்ட் பேட்டன் ஒரு காரியம் செய்தார். நல்ல அடி போய் விழக்கூடிய இடத்தில், பாதையின் நட்டநடுவே, பங்கர் எனப்படும் மணற்குழிகள் இரண்டை வெட்டவைத்தார். உறுப்பினர்கள் கொதித்துப்போனார்கள். நேராக அடிப்பவனுக்கா தண்டனை?

ஆனால் அங்கே நின்று பாருங்கள். இடப்பக்கம் தாராளமாக இடம் இருக்கிறது, பயமில்லாமல் அடிக்கலாம். அடுத்த அடிதான் சிக்கல், கொடி நட்டிருக்கும் கிரீனை நெருங்கும் கோணம் கெட்டுவிடும். வலப்பக்கமோ பங்கருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒடுங்கிய இடம். எல்லை தாண்டினால் பந்து போச்சு, அடிக்கணக்கும் கூடும். துணிந்து அங்கே பந்தை நிறுத்தியவருக்குக் கிரீன் நன்றாகத் திறந்துகொடுக்கும். ஆக, மட்டையை ஓங்குவதற்கு முன்பே ஆட்டக்காரர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த ஒரு கணத் தயக்கத்தை உண்டாக்கியதுதான் பேட்டனின் சாதனை. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்து 16ஆவது குழியில் இப்படி ஓர் அமைப்பு முன்பே இருந்தது. அந்தக் காலத்தில் அங்கும் வலப்பக்கம் ரயில் பாதைதான் இருந்தது.

கோபத்தோடு பார்க்கப் போனவர்களில் டாம் சிம்ப்சனும் ஒருவர், சட்டம் படித்தவர். பார்த்ததும் மனம் மாறினார். பிறகு அவரே பேர்பெற்ற மைதான வடிவமைப்பாளர் ஆனார்.

சப்பையான நிலத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் அரிசோனாவில் 1990களின் பிற்பகுதியில் திறக்கப்பட்ட டாக்கிங் ஸ்டிக் மைதானம். தட்டையான பாலைநிலம். அதை வடிவமைத்த பில் கூரும் பென் கிரென்ஷாவும் அங்கே செயற்கைக் குன்றுகளை எழுப்பவில்லை. இரண்டாவது குழியில், இடப்பக்க எல்லை வேலியையே ஆபத்தாக்கினார்கள். வேலியை உரசிப் போகிறவருக்கே நல்ல கோணம். மண்ணைக் கொட்டி மலை செய்யும் பகட்டைவிட இதை நான் பல மடங்கு மதிக்கிறேன்.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தில் வேறு வகைக் கெட்டிக்காரத்தனம். டொனால்ட் ராஸ் வடிவமைத்தது; மென்மையான ஏற்ற இறக்கம் கொண்ட மணற்பாங்கான நிலம். அங்கே கிரீன்களின் நடுப்பகுதி உயர்ந்து, ஓரங்கள் சரிந்திருக்கும். 2024இல் அமெரிக்க ஓப்பன் போட்டி அங்கேதான் நடந்தது. அதன் ஒளிப்பதிவு கிடைத்தால் பாருங்கள்: கிரீனில் விழுந்த பந்து மெல்ல உருண்டு வெளியே போகும்போது, அந்த ஆட்டக்காரர் முந்தைய அடியை எங்கிருந்து அடித்தார் என்பதைக் கவனியுங்கள்.