ஒண்ணு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

(நவம்பர் மாதம் நம் குடியிருப்பின் பொது அறையில் நடந்த கைவேலை வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பொருள்களை உல்லன் நூலில் வீட்டிலேயே செய்வது எப்படி என்று சொல்லித்தர என்னை அழைத்திருக்கிறீர்கள். சந்தோஷம். கூடவே ஒரு கணக்கையும் கொண்டுவந்திருக்கிறேன். வங்கிக் கவுன்ட்டரில் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவளிடம் மைக்கைக் கொடுத்தால் கணக்கு வராமல் இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் கைவேலை, பிறகு கணக்கு.

போன வருஷ மரம் உங்களுக்கு நினைவிருக்கும். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் மரம், பளபளவென்று உருண்டைகள். ஜனவரியில் பத்திரமாகப் பெட்டியில் வைத்தோம். இந்த அக்டோபரில் திறந்து பார்த்தால் கொக்கிகள் எல்லாம் துரு, உருண்டைகளின் பூச்சு பாதிக்கு மேல் உரிந்துவிட்டது. யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஜன்னல் கம்பியே தாங்காத காற்றில் அந்த மெல்லிய கொக்கி எங்கே தாங்கும்?

அதனால் இந்த வருஷம் சவுக்கு. நம் பக்கத்தில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் பல வீடுகளிலும் கோவில்களிலும் காலங்காலமாகச் சவுக்குக் கிளைதான். அதில் ஊசி போலத் தெரிவது இலை இல்லை, மெல்லிய பச்சைக் கிளை. உண்மையான இலை அதன் கணுக்களில் செதில் மாதிரி ஒட்டியிருக்கும். அவ்வளவு மெல்லிய கிளையில் கனமான பொருளை மாட்டினால் கிளை தொங்கிவிடும். நான் செய்த உல்லன் பந்து ஒன்று ஐந்து கிராம்கூட இல்லை. சவுக்குக்கு உல்லன்தான் பொருத்தம்.

ஒரு விஷயம். கிளையைப் பட்டா நிலத்தில் சவுக்கு போட்டிருக்கும் விவசாயியிடம் காசு கொடுத்து வாங்குவோம். கடற்கரையில் நிற்கும் சவுக்குத் தோப்பு காற்றைத் தடுக்க வனத்துறை வைத்தது. அதில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இனி செய்முறை. உல்லன் நூல் என்று நாம் சொன்னாலும் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமம் இல்லை, செயற்கை இழை. அதில் ஒரு லாபம், ஒரு ஆபத்து. லாபம், அது ஈரத்தை அதிகம் குடிக்காது. நம் ஊர்க் காற்றில் பருத்தி நூல் நசநசத்துப் பூஞ்சை பிடிக்கும், அக்ரிலிக் தாங்கும். ஆபத்து, நெருப்புப் பட்டால் உருகி எரியும். ஆகவே மரத்தின் பக்கத்தில் மெழுகுவத்தி கூடவே கூடாது. எல்இடி விளக்கு மட்டும்.

முதலாவது, குஞ்சம். ஜடைக்குஞ்சம் கட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் நூலை முப்பது சுற்று சுற்றுங்கள். மேல் ஓரத்தில் ஒரு நூலை நுழைத்து முடிச்சுப் போடுங்கள். அதுவே மாட்டும் கயிறு. கீழ் ஓரத்தை வெட்டிவிட்டு, தலையிலிருந்து ஒரு விரல்கடை இறக்கிக் கழுத்து மாதிரி இறுக்கிக் கட்டினால் முடிந்தது.

இரண்டாவது, பந்து. நான்கு விரலைச் சேர்த்து வைத்து அறுபது சுற்று. விரலிலிருந்து மெதுவாகக் கழற்றி, நடுவில் இன்னொரு நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். இங்கே தளர்ந்தால் பந்து பின்னால் கொட்டிவிடும். ஆகவே இரண்டு முடிச்சு. பிறகு இரண்டு பக்கமும் இருக்கும் வளையங்களைக் கத்தரித்து, உள்ளங்கையில் உருட்டி, நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டி உருண்டையாக்குங்கள். கத்தரிக்கக் கத்தரிக்கத்தான் அழகு வரும், பாதியில் விடாதீர்கள்.

மூன்றாவது, குச்சி நட்சத்திரம். ஐஸ் குச்சி இரண்டைப் பெருக்கல் குறி மாதிரி வைத்து நடுவில் கட்டுங்கள். ஒரு குச்சியை நூலால் ஒரு முறை சுற்றி, அடுத்த குச்சிக்குப் போய் அதையும் ஒரு முறை சுற்றி, இப்படியே வட்டமாக வாருங்கள். நடுவிலிருந்து சதுரம் சதுரமாக வளரும். நான்கைந்து சுற்றுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றலாம். மெக்சிகோவில் இதைக் ‘கடவுளின் கண்’ என்கிறார்கள். குழந்தைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

பலூன்மேல் பசை தடவிய நூலைச் சுற்றிச் செய்யும் உருண்டை பற்றிச் சிலர் கேட்டீர்கள். கோயம்புத்தூரில் நன்றாக வரும். இங்கே டிசம்பர் ஈரத்தில் பசை காய நாள் கணக்கில் ஆகும். மைதாப் பசை என்றால் எறும்பும் வரும். வேண்டாம்.

இப்போது கணக்கு.

போன மாதம் சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. பொது அறை மரத்துக்கு அறுபது பொருள் வேண்டும். அதை உப்பளத்துக்குப் போகும் பெண்களிடம் கொடுத்துச் செய்யச் சொல்வோம், மழைக்காலத்தில் அவர்களுக்கும் ஒரு வருமானம் ஆகும் என்று. நல்ல யோசனைதான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் மரக்காணத்துப் பாத்திகளில் மழைத்தண்ணீர் நிற்கும். மழை முடிந்து வெயில் ஏறும்வரை உப்பு வேலை இல்லை. நாம் பண்டிகை கொண்டாடும் மாதங்கள்தான் அவர்களுக்குக் கையில் காசில்லாத மாதங்கள்.

என்ன விலை என்று பேச்சு வந்தபோது, “ஒண்ணுக்கு எட்டு ரூபாய் கொடுக்கலாம், நூல் அவர்களே வாங்கிக்கொள்ளட்டும்” என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான். எல்லோரும் தலையாட்டினீர்கள். மினிட்ஸிலும் ஏறிவிட்டது.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்ணிடம் சொன்னேன். சீசனில் அவரும் உப்பளத்துக்குப் போகிறவர். அவர் விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “ஒண்ணு செய்ய எவ்வளவு நேரம்மா ஆகும்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் போட்ட கூட்டலைச் சரிபார்த்தவள், நேரத்தையே பார்க்காமல் விலை சொல்லியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குஞ்சத்துக்கு ஐந்து நிமிடம். பந்துக்குப் பன்னிரண்டு. குச்சி நட்சத்திரத்துக்கு இருபது. நான் வாங்கிய நூல் ஐம்பது கிராம் உருண்டை நாற்பது ரூபாய். அதன்படி குஞ்சத்துக்கு 2 ரூபாய், பந்துக்கு 4 ரூபாய், நட்சத்திரத்துக்கு 3 ரூபாய் நூல். ஐஸ் குச்சியை நாம் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொன்றிலும் இருபது, மொத்தம் அறுபது. எட்டு ரூபாய் வீதம் 480 ரூபாய். அதில் நூலுக்கு 180 போனால் மிச்சம் 300. செலவாகும் நேரம் 740 நிமிடம், அதாவது 12 மணி 20 நிமிடம். எட்டு மணி நேரம் ஒரு நாள் என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 195 ரூபாய். 2025-26இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். நட்சத்திரத்தை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம். இருபது நிமிடத்துக்கு ஐந்து ரூபாய், நாள் முழுக்கச் செய்தாலும் 120தான்.

நூல் வேலையில் இப்படி நடப்பது புதிதில்லை. நம் நாட்டிலேயே இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். நாகர்கோவிலில் 1820களில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலிசாதான் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியில் அதே வேலையை வளர்த்தவர். நாகர்கோவிலில் அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர், லேஸ் விற்ற காசில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். உழைப்புக்கு விலை கிடைத்தால் நூல் அந்த அளவுக்குச் செய்யும்.

இன்னொரு ஊர் ஆந்திரத்தின் நரசாபுரம். அங்கே குரோஷா லேஸ் வீட்டுக்கு வீடு நடக்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்து 1982இல் ஒரு புத்தகம் எழுதினார். பெண்கள் நாளுக்குப் பல மணி நேரம் பின்னுகிறார்கள், ஆனால் ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது’ என்று பெயர் வைத்துவிட்டதால் கூலி மிகக் குறைவு என்று அதில் காட்டினார். எட்டு ரூபாய் என்று நான் சொன்னபோது என் மனதிலும் அதே நினைப்புத்தான் இருந்திருக்கிறது. மழைக்காலத்தில் சும்மாதானே இருக்கிறார்கள்!

சரி, என்ன விலை சரி? 336ஐ நிமிடக் கணக்காக்கினால் நிமிடத்துக்கு 70 பைசா. நூலையும் சேர்த்தால் குஞ்சம் 5 ரூபாய் 50 பைசா, பந்து 12 ரூபாய் 40 பைசா, நட்சத்திரம் 17 ரூபாய். அறுபதுக்கும் 698 ரூபாய். என் எட்டு ரூபாய்க் கணக்கைவிட 218 ரூபாய் அதிகம். நம் 48 வீடுகளுக்கும் பிரித்தால் வீட்டுக்கு ஐந்து ரூபாய்கூட வரவில்லை. அந்த ஐந்து ரூபாயைத்தான் நான் அவர்களிடமிருந்து மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்.

இதுவும் குறைந்தபட்சம்தான். அந்தப் பெண் பந்து செய்து பார்த்தபோது, உப்புத் தண்ணீரில் வெடித்த விரல்களில் நூல் சிக்கிச் சிக்கி இழுத்தது. எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆன பந்து அவருக்கு முதலில் இருபது நிமிடம் ஆனது. இரண்டாம் நாள் பதினைந்துக்கு வந்துவிட்டார். ஆகவே பைசாவைப் பார்க்காமல் குஞ்சம் 7, பந்து 15, நட்சத்திரம் 20 என்று வைப்போம். மொத்தம் 840 ரூபாய். நூலைச் சங்கமே வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் விலையைக் கழித்துக்கொள்ளலாம், யாரும் கைக்காசு போட வேண்டியதில்லை. பொருள் வந்த அன்றே பணம். கிறிஸ்துமஸ் முடியட்டும், நிதி வரட்டும் என்ற பேச்சு வேண்டாம்.

மினிட்ஸில் ஏறிய தீர்மானத்தை மாற்ற அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து கேட்கப்போகிறேன். அதற்கு முன் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் நாற்காலியில் ஒரு சின்ன உருண்டை நூலும் அட்டையும் வைத்திருக்கிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு குஞ்சமோ பந்தோ செய்யுங்கள். எந்தப் பண்டிகை கொண்டாடும் வீடாக இருந்தாலும் சரி, மரம் நம் எல்லோருக்கும் பொதுதானே. அதை மாட்டுவதற்குமுன் ஒரு துண்டுச் சீட்டில் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிக் கொண்டுவாருங்கள். பெயர் வேண்டாம், நிமிடம் போதும். நாற்பத்தெட்டுச் சீட்டும் வந்தால் விலையை நான் சொல்ல வேண்டியதே இல்லை.

சீட்டுப் போட மாடிப்படி பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன். தகர டப்பாதான். டிசம்பருக்குள் துருப்பிடிப்பதற்குமுன் நிரப்பிவிடுங்கள்.