ஒரே சாய்கோடு, ரெண்டு அர்த்தம்

புதுச்சத்திரத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு கணிதத்துல வர்ற கோஷன்ட் குறியீட்டை லேடெக்ல எப்படித் தெளிவா டைப் பண்றதுன்னு பார்க்கலாம்.

முதல்ல கோஷன்ட்னா என்ன? நம்ம நாமக்கல் பக்கம் முட்டை அட்டை தெரியாதவங்க இல்ல. ஒரு அட்டைக்கு 30. 100 முட்டையை அடுக்கினா மிச்சம் 10. 130 அடுக்கினாலும் மிச்சம் 10. மிச்சத்தை மட்டும் பார்த்தா 100-ம் 130-ம் ஒண்ணுதான். இப்படி 0-ல இருந்து 29 வரைக்கும் கிடைக்கிற 30 வகைகளைத்தான் இசட்/30இசட்னு எழுதறாங்க. இந்தக் கோட்டுக்கு 'இதையெல்லாம் ஒண்ணா நினைச்சுக்கோ'ன்னு அர்த்தம்.

குலம் இடப்பக்கத்துல இருந்து செயல்பட்டா கோட்டையும் திருப்பிச் சாய்ப்பாங்க: ஜி\எக்ஸ். ஈரோட்டுல பிறந்த ராமானுஜன் 1916-ல ஆராய்ந்த டௌ சார்பைப் பத்தி இன்னைக்குப் படிச்சாலும் இந்தக் குறி வரும். சிக்கல் என்னன்னா, ஒரு கணத்துல இருந்து இன்னொண்ணை நீக்கறதுக்கும் இதே கோடுதான். ஒண்ணு ஒட்டறது, இன்னொண்ணு வெட்டறது!

லேடெக்ல நீக்கறதுக்கு 'செட்மைனஸ்' கட்டளை. அது ரெண்டு பக்கமும் இடைவெளி விடும். கோஷன்ட்டுக்கு 'பேக்ஸ்லாஷ்' கட்டளை. அது ஒட்டி நிக்கும். வழக்கமான எழுத்துருவுல கோட்டோட வடிவம் ஒண்ணேதான், இடைவெளி மட்டும்தான் வித்தியாசம். அதனால பார்வைக்குச் சரியா இருக்குன்னு எதையாவது போடாதீங்க, அர்த்தத்தைப் பார்த்துப் போடுங்க.

இது யாருக்கு முக்கியம்? வெளிநாட்டுக் கணித ஆய்விதழ்கள் பலதுக்கு சென்னையிலயும் புதுச்சேரியிலயும்தான் பக்கம் அமைக்கறாங்க. ஆசிரியர் கொடுத்த கட்டளை தப்பா இருந்தா, அச்சுலயும் அப்படியே போயிடும். பார்வையற்ற மாணவருக்கு இடைவெளி தெரியாது. யூனிகோடுல 'செட் மைனஸ்'னு தனிக் குறியே இருக்கு; அதைப் போட்டா, திரைவாசிப்பான் அதை நீக்கற குறியாவே வாசிக்கலாம். அங்க பாடமே மாறிடுது.

இன்னும் ரெண்டு விஷயம். மேல கூட்டல் வந்தா அடைப்புக்குறி போடுங்க: (ஏ + பி)/ஐ. இல்லன்னா பி மட்டும் வகுபடற மாதிரி தெரியும். அப்புறம், 'ஃபேக்டர்' பேக்கேஜ் மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ஏத்தி இறக்கி அழகா காட்டும். தனி வரிச் சமன்பாட்டுக்கு அது நல்லா இருக்கும்; பத்திக்கு நடுவுல போட்டா வரி இடைவெளி கலைஞ்சிடும். அங்க சாதாரண சாய்கோடே போதும்.

உங்க தீசிஸ்ல 'செட்மைனஸ்'னு ஒருதடவை தேடிப் பாருங்க. வெட்டற இடமா, ஒட்டற இடமான்னு ஒவ்வொண்ணா பார்த்துட்டு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.