பழைய டிராக்டர் வாங்குமுன்

ஓடி ஓய்ந்த பவர் டில்லரைக் கொடுத்துவிட்டுப் பழைய டிராக்டர் வாங்க நினைக்கிற திருவண்ணாமலை மாவட்டத்துச் சிறு விவசாயிகளுக்கு இன்றைய தகவல்.

புதுப் பெயிண்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய் நில்லுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஆறட்டும், காத்திருங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் புகை வருவது சகஜம். சூடான பிறகும் நீலப்புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. எஞ்சின் செலவு பெரிதாக வரும்.

மணிலா போடும் மானாவாரிக் காட்டில் ஓடிய வண்டி வேறு, சாத்தனூர் பாசனத்தில் கேஜ் வீலோடு சேற்றில் உழன்ற வண்டி வேறு. சேற்று வண்டியில் பின் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கலாம். கியர் பாக்ஸ் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டி வேண்டாம் என்பேன். அடுத்து, கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். மளமளவென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ், எஞ்சின் எண்கள் வண்டியில் அப்படியே இருக்க வேண்டும். வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 கைக்கு வராமல் முழுப் பணம் தராதீர்கள். வாங்கிய 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

ஒன்றிரண்டு ஏக்கர்தான், வருஷத்தில் சில நாள் உழவுதான் என்றால் கடன் வாங்கி வண்டி வாங்காதீர்கள். வேளாண் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்கு அனுப்புகிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம்.